ஆங்... பாத்தீங்கன்னா

எங்கள் விமான நிலையத்துக்கு ஒரே ஒரு அலைவரிசைதான். ஒருவன் பட்டனை அழுத்திப் பேசினால் மற்ற எல்லோரும் ஊமை. இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், இரண்டு பேர் சொன்னதும் வீண். ஒற்றையடிப் பாலம் மாதிரிதான் அது. ஏறினோமா, கடந்தோமா, இறங்கினோமா என்றிருக்க வேண்டும். எங்கள் பைலட்டுகளோ பாலத்தின் நடுவில் பாய் விரித்துப் படுப்பவர்கள்.

நான் டவரில் உட்கார்ந்திருப்பவள். யார் இறங்கலாம், யார் காத்திருக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் நீ யார், எங்கே இருக்கிறாய், என்ன வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு வாயை மூட ஒருத்தனுக்கும் துப்பில்லை. "டவருக்கும் வானத்துல இருக்கிற எல்லா நண்பர்களுக்கும் இனிய காலை வணக்கம்" என்று ஆரம்பிப்பான் ஒருத்தன், ஏதோ மேடையேற்றி மாலை போட்டது போல. "உங்க கூடத்தான் இருக்கோம் மேடம்" என்பான் இன்னொருத்தன். கட்டின புருஷனே என் கூட ஒழுங்காக இருந்ததில்லை, இவன் ஆறாயிரம் அடியில் இருந்துகொண்டு என் கூட இருக்கிறானாம். "பக்கத்துல யாராச்சும் பறந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க" என்று ஒரு விண்ணப்பம் வேறு. பறப்பவன் சொல்லாமல் என்ன செய்வான், கண்ணாமூச்சியா ஆடுகிறான்?

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்வேன். சகிக்க முடியாதது "ஆங்... பாத்தீங்கன்னா."

வாயைத் திறந்தால் எல்லோருக்கும் அதுதான். "டவர், ஆங்... பாத்தீங்கன்னா, நாங்க பத்து மைல்ல வந்துட்டிருக்கோம்." எங்கே பார்ப்பது? என்னத்தைப் பார்ப்பது? அதிலும் ஒரு பையன் இருக்கிறான், ஜெராக்ஸ் என்று நானே பெயர் வைத்தேன். 'ஆங்'குக்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான், பிறகு குரலை அடித்தொண்டைக்கு இறக்குவான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, குரலுக்கு மட்டும் அறுபது வயது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் இருக்கிறது. அந்த மூச்சும், அந்த 'ஆங்'கும், அந்தப் 'பாத்தீங்கன்னா'வும் என் தம்பியுடையவை.

என் தம்பிதான் இந்த நிலையத்தை நடத்துகிற எங்கள் விமானக் கம்பெனியின் மூத்த பைலட். பெரிய கேப்டன் என்பார்கள். மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற நாளிலும் பூப்போல இறக்குவான். அவனுக்குத் திக்குவாய். இது வெளியே யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் கல்லாவுக்கு முன்னால் முகம் சிவந்து நிற்பான், முதல் சொல் வராது. நான் பின்னாலிருந்து "ரெண்டு" என்று எடுத்துக்கொடுப்பேன். உடனே "ரெண்டு ரொட்டி, ஒரு சோப்பு" என்று கடகடவென்று கொட்டிவிடுவான். ஆரம்பம்தான் அவனுக்கு மலை. பறக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் பக்கத்தில் அக்கா இல்லை, அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மூச்சை இழுத்து, 'ஆங்' என்று கிளம்பி, 'பாத்தீங்கன்னா' என்று கொஞ்ச தூரம் ஓடிவந்தால் அடுத்த சொல் எழும்பிவிடும். விமானத்துக்கு ஓடுபாதை மாதிரி.

நொண்டுகிறவன் கையில் இருந்த கோலைப் பார்த்து, அதுதான் பெரிய மனுஷ லட்சணம் என்று ஊரே ஆளுக்கொரு கோல் வாங்கிக்கொண்டது. இந்த முட்டாள்களை என்னவென்று சொல்ல!

போன மாதம் ஜெராக்ஸ் தன் கோலை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினான். "ஆங்... பாத்தீங்கன்னா, இந்த நேரத்துல, எங்க விருப்பம் என்னன்னா..." என்று அவன் நீட்டிக்கொண்டிருந்தபோது சரக்கு விமானம் ஒன்று திரும்புகிறேன் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. இரண்டும் ஒரே ஓடுபாதைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு வந்தன. நான் கண்ணால் பார்த்து, அவன் பட்டனை விட்ட நொடியில் கத்தி, ஒன்றை மேலே ஏற்றிவிட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கே மேலிடத்தில் புகார் கொடுத்தேன். இவர்கள் வாயை அடக்குங்கள், இல்லாவிட்டால் பிணம் பொறுக்குவீர்கள் என்று சொன்னேன்.

அடக்க ஒருவரை அனுப்பினார்கள். பாதுகாப்பு அதிகாரி. தேய்த்த சட்டை, சட்டையைவிட விறைப்பான ஆள். வானொலிப் பதிவுகளை எல்லாம் உட்கார்ந்து கேட்டார். எந்த வார்த்தையைக் கண்டாலும் வெட்டு வெட்டு என்றதால் ஒரே வாரத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர் விழுந்தது. மனிதர் நேரே என்னிடம் வந்தார்.

"மேடம், வேரைக் கண்டுபிடிச்சிட்டேன். எல்லாரும் உங்க தம்பியைப் பாத்துத்தான் பேசுறாங்க. நாளைக்கு நானே அவர் பின்னால உக்காந்து வரேன். ரேடியோவுல அவர்தான் பேசணும், பக்கத்துல இருக்கிறவர் பேசக் கூடாது. ஒரு வார்த்தை வீணா வந்தாலும் கேப்டன் சீட்டுலேருந்து இறக்கிடுவேன். பெரிய தலையை வெட்டினா சின்னதெல்லாம் தானா அடங்கும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஜெராக்ஸை அடிக்க நான் ஓங்கிய கை என் தம்பி கன்னத்தில் விழப்போகிறது.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் நின்றுகொண்டு கரண்டிக் காம்பைப் பட்டன் மாதிரி கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பழகிக்கொண்டிருந்தான். அழுத்துவான், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் வராது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் அணைத்தேன்.

"திக்குதுன்னு சொல்லிடுடா. என்ன குடி முழுகிடும்?"

"சொன்னா டாக்டர் குழுவுக்கு அனுப்புவாங்க. அவங்க ஆறு மாசம் உக்கார வைப்பாங்க. அப்புறம் எவன் என்னை மறுபடி ஏத்துவான்? எனக்கு வேற என்னக்கா தெரியும்?" என்னிடம் தனியாகப் பேசும்போது அவனுக்குத் திக்காது. "நீதான புகார் குடுத்த? ஏன்க்கா?"

"அந்த ஜெராக்ஸ் நாயாலடா! உன்னையா சொன்னேன்?"

"நாளைக்கு லீவு போட்டுடு. நான் முழிக்கிறதை நீ கேக்க வேண்டாம்."

லீவாவது ஒன்றாவது. என்னைவிட்டால் அந்த நாற்காலியில் யாரை நம்பி உட்காரவைப்பேன்?

மறுநாள் காலையில் வெயில் பளிச்சென்றிருந்தது, காற்றும் இல்லை. தம்பியின் விமானம் ஏழு-ஒண்ணு. பத்து மைலில் அவன் என்னைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டிய நேரத்தில் ஒலிபெருக்கியில் இரைச்சல் நின்றது. யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். என்ஜின் உறுமல் கேட்டது, ஒரு மூச்சு கேட்டது, சொல் வரவில்லை. பிறகு பட்டன் விடுபட்டது.

ஜெராக்ஸுக்கு இதுபோதும். "டவர், நாலு-ரெண்டு. ஆங்... பாத்தீங்கன்னா, யாரோ பட்டனை அழுத்திட்டுத் தூங்கிட்டாங்க போல."

"நாலு-ரெண்டு, பேசாதீங்க" என்றேன். அதற்குமேல் சொல்ல வந்ததை விழுங்கினேன்.

"ஏழு-ஒண்ணு, எங்க இருக்கீங்க?" என்று ஒழுங்காக, விதிப்படி கேட்டேன். மறுபடி உறுமல். மறுபடி அந்த மூச்சு. கல்லாவுக்கு முன்னால் முகம் சிவந்து நிற்கிற பையன்தான் அது. அவன் முதுகுக்குப் பின்னால் கத்திரி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொரு தடவை இப்படி அழுத்திவிட்டு நின்றானானால் சீட்டு போச்சு.

நான் பட்டனை அழுத்தினேன். மூக்கால் மூச்சை இழுத்தேன்.

"ஏழு-ஒண்ணு, ஆங்... பாத்தீங்கன்னா, பத்து மைல், ரெண்டாயிரம் அடி, நேரா வாங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்து மைல், ரெண்டாயிரம் அடி, நேரா வரேன், ஏழு-ஒண்ணு."

கடகடவென்று வந்தது. பிசிறில்லை, மூச்சில்லை, 'ஆங்' இல்லை. அதன்பின் நான் விடவில்லை. அவன் கூப்பிட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் முந்திக்கொண்டேன். "ஏழு-ஒண்ணு, ஆங்... பாத்தீங்கன்னா, இறங்கலாம்." "இறங்குறேன், ஏழு-ஒண்ணு." "ஆங்... பாத்தீங்கன்னா, இடது பக்கம் திரும்பி நிறுத்துங்க." "இடது பக்கம் திரும்பி நிறுத்துறேன்." ஓடுபாதையை நான் ஓடினேன், பறந்தது அவன்.

கத்திரி படியேறி வந்தபோது மூச்சு வாங்கியது. பின்னால் தம்பி, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கேப்டன் பிரமாதம். ஒரு சொல் வீணில்லை. இப்படித்தான் பேசணும்னு எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறேன்." என் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க? புகார் குடுத்ததே நீங்கதானே மேடம்? வெக்கமா இல்ல? எதுக்கு அப்படிப் பேசுனீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். சொல்லிவிடப் போகிறாளோ என்று அவன் கண் பயந்தது.

"பழக்கதோஷம் சார்" என்றேன். "எல்லாரும் பேசுறாங்க, எனக்கும் ஒட்டிக்கிச்சு."

என் ஆயுசில் இப்படி ஒரு கேவலமான வாக்கியத்தை நான் பேசியதில்லை. கத்திரி தலையை ஆட்டிக்கொண்டே, வானொலியில் பேசும் முறை பற்றி நடக்கிற ஆரம்ப வகுப்பில் நானும் உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டார். புதுப் பைலட்டுகளோடு, முதல் பெஞ்சில்.

அவர் இறங்கிப்போன பிறகு தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தேங்... தேங்..." என்று ஆரம்பித்தான். என்னிடமே அவனுக்குத் திக்கியது.

"அது வீண் வார்த்தைடா. போய்ச் சாப்பிடு போ" என்றேன்.

திங்கட்கிழமை வகுப்பு. எனக்குப் பக்கத்து இடத்தில் எவன் வந்து உட்கார்ந்தான் என்று கேட்கவே வேண்டாம். "மேடம், கடைசியில நீங்களும் நம்ம கட்சிதானா!" என்று ஜெராக்ஸ் பல்லைக் காட்டினான். பிறகு குனிந்து, ரகசியம் கேட்பது போலக் கேட்டான்.

"பெரிய கேப்டன் மாதிரியே சொன்னீங்க மேடம். அந்த மூச்சுகூட அச்சு அசல். எனக்கே இன்னும் அப்படி வரல. எப்பலேருந்து பழகுறீங்க?"

"அவன் பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து" என்றேன்.

"ஆங்..." என்று தலையாட்டினான், ஏதோ புரிந்தவன் போல.