ஐவனின் உப்புநீர்த் தொட்டி

கணவன் ஐவனைப் புதைத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. ஈப்போவில் கிளினிக் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வீடு திரும்பிய கார்மென், ஹாலில் மீனும் உயிருள்ள பவளமும் வளர்ந்த தொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்தாள். காலையில் அங்கிருந்து அழுகிய வாடை வந்திருந்தது. கழுவ நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தாள். இப்போது வாடையே இல்லை. ஸ்கிம்மரின் குவளை பளிச்சென்று இருந்தது.

தண்ணீரை நுரைக்க வைத்து, மீன் கழிவையும் மிஞ்சிய தீனியையும் பழுப்பு நுரையாக மேலே தள்ளுகிற கருவி அது. நுரை விழும் குவளையை இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். அந்த ஸ்கிம்மரைத் தேர்ந்தெடுக்க ஐவனுக்கு மூன்று மாதம் பிடித்தது. சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

“கேனிஸ்டர் ஃபில்டர் போட்டா அழுக்கு உள்ளயே கெடந்து அழுகிப்போவும் கார்மென். அடிக்கடி கழுவலன்னா பவளம் தாங்காது. இது அழுக்கத் தண்ணிய விட்டே வெளியாக்கிடும் லா.”

அந்த மூன்று மாதத்தில்தான் அவர்களுடைய இருபதாவது கல்யாண நாளும் வந்தது. அவனுக்கு நினைவில்லை. தொழிற்சாலையில் ஏர்கோன் மெக்கானிக்காக இருந்தவன், நாற்பத்தாறு வயதில் வேலை இடத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பிள்ளைகள் இல்லை.

அவர்கள் இருந்தது ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பிய தாமான் குடியிருப்பு. இன்னொரு சாவி பக்கத்து வீட்டுக் கலாதேவியிடம் இருந்தது. கார்மென் போய், குவளையைக் கழுவினது அவளா என்று கேட்டாள்.

“நானா? அந்தத் தொட்டிகிட்ட போறதுன்னாலே எனக்குப் பயம் லா. சாவி ஆணியிலதான் தொங்குது, பாரு.”

கார்மென் அந்தச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை கிரில் கதவைப் பூட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். ஸ்கிம்மருக்கு முன்னால் தண்ணீரை வடிகட்டும் துணிப்பை, பின்பக்கக் கொடியில் ஈரம் சொட்டத் தொங்கியது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, இரண்டு கிளிப் போட்டிருந்தது. ஐவன்தான் அப்படிக் காயப்போடுவான்.

கூடையைத் தரையில் வைத்துவிட்டு, “ஐவன்?” என்றாள். பம்ப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் காத்திருக்கத் தொடங்கினாள். காலையில் இரண்டு கோப்பை தேநீர் கலந்து ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மாலையில் அதன்மேல் ஆடை படிந்திருந்தது. அவனுடைய சட்டையைத் துவைத்து நாற்காலியில் மடித்து வைத்தாள். மடிப்பு கலையவில்லை. குவளையும் துணிப்பையும் மட்டும் தவறாமல் சுத்தமாயின. பவளங்கள் அவன் இருந்த காலத்தைவிடச் செழிப்பாக விரிந்தன.

ஒரு மாலை அவளால் தாங்க முடியவில்லை. தொட்டி அலமாரியின் முன் உட்கார்ந்து கத்தினாள்.

“இருவது வருசம் ஒங்ககூட இருந்தேன். சொல்லாமகூடப் போனீங்க. இப்ப இந்தக் குவளையக் கழுவத்தான் வாரீங்களா? எனக்கு ஒன்னும் இல்லையா?”

மறுநாளே விக்னேஸ்வரனுக்குப் போன் போட்டாள். பக்கத்து ஊரான காம்பாரில் வளர்ப்பு மீன்கடை வைத்திருப்பவர். ஐவன் பவளம் வாங்கியது அவரிடம்தான். இரண்டு ஆட்களோடு வந்தார்.

“ஸ்கிம்மரும் வேணாமா அக்கா?”

“எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க தம்பி.”

தொட்டி இல்லாவிட்டால் ஐவன் தன்னிடம் வருவான் என்று அவள் உள்ளுக்குள் நம்பினாள். பத்து நாள் ஆயிற்று. வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது. பதினோராம் நாள் விக்னேஸ்வரன் கூப்பிட்டார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மத்தியானம் கடையப் பூட்டிட்டுச் சாப்புடப் போறேன். திரும்பி வந்தா குவளை கழுவியிருக்கு. துணிப்பைய உள்வெளியா திருப்பிக் காயப்போட்டிருக்கு. மூனு தடவ ஆச்சு. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. திருப்பிக் கொண்டாந்து விடவா?”

“ஞாயித்துக்கெழம நான் வாரேன்,” என்றாள் கார்மென்.

மாதா கோயில் காலைப் பூசைக்குப் போகாமல் நேராகக் காம்பாருக்கு ஓட்டிப் போனாள். தொட்டியின் முன் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நுரை ஏறி ஏறிக் குவளைக்குள் விழுந்து கருத்தது. யாரும் வரவில்லை.

“வாங்க அக்கா, பக்கத்துக் கடையில பால் இல்லாம ஒரு தே ஓ குடிச்சிட்டு வரலாம்,” என்றார் விக்னேஸ்வரன். கடையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். பத்தே நிமிடம்.

திரும்பி வந்தபோது குவளை சுத்தமாக இருந்தது. விக்னேஸ்வரன் வாசலிலேயே நின்றுவிட்டார். கார்மென் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. அவள் அங்கே உட்கார்ந்திருந்தவரை அவன் வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அவள் ஹாலுக்கு வந்தால், செய்துகொண்டிருந்ததை நிறுத்தி அலமாரியை மூடிவிட்டு எழுந்துவிடுவான். அதை அவள் வெட்கம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது அப்படித் தோன்றியது.

“கொண்டாரட்டுமா அக்கா?”

“வேணாம் தம்பி. ஒன்னும் பண்ண மாட்டாரு. வேலையப் பாத்துட்டுப் போயிருவாரு. நீங்க அந்த ஸ்கிம்மர மட்டும் மாத்திடாதீங்க.”

திரும்பும் வழியில் கோப்பெங் ஊரைத் தாண்டும்போது அழுகை வந்தது. காரை ஓரம் கட்டி, அழுது முடித்துவிட்டு மாலைப் பூசைக்குப் போனாள். வாசலில் இறந்தோருக்கான மன்றாட்டுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த நவமணி டீச்சர், “ஐவன் ஆன்மா இளைப்பாற்றிக்கு இந்த வாரம் எழுதவா?” என்று கேட்டார்.

“வேணாம் டீச்சர்,” என்றாள் கார்மென். “அவருக்கு இன்னும் வேலை இருக்கு. கொஞ்ச நாள் போகட்டும்.”