காலிதீன் காக்காவின் ஆடு

துப்பறியும் கதை எழுதுவது ஒரு பின்னல் வேலை. கொலைகாரனை மறைக்க வேண்டுமென்றால், வாசகர் சந்தேகப்பட இன்னொருவனைக் கொடுக்க வேண்டும். முகநூலில் வாராவாரம் நான் எழுதிய தொடரில் அந்த இன்னொருவன், அந்தியில் மஃரிபு தொழுகை முடிந்ததும் கறுப்புப் பையோடு வீடுகளின் பின்வாசலுக்குப் போகிற மீன் வியாபாரி. எங்கள் கல்முனைக்குடித் தெருவில் அப்படிப் போகிறவர் காலிதீன் காக்கா ஒருவர்தான். மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்ததை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டேன், பெரிய எழுத்தாளி!

தொடரைப் படித்த பொடியன்மார் ஒழுங்கையில் அவரை மறித்தார்கள். "பைக்குள்ள என்ன காக்கா? ஆருட ஊட்டுக்கு?" என்று நக்கலடித்தார்கள். அவர் வந்த வழியே திரும்பிவிட்டார். பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை.

அவருடைய மனைவி றுகையாவிடம் ஓடினேன்.

"ராத்தா, கதைதானே! அவர்ல குற்றமில்லையெண்டு கடைசிப் பகுதியில வரும்."

"அதுவரைக்கும் அவரு கெட்டவனா இருக்கட்டுமா நஸ்லா?"

ராத்தா சத்தம் போடவில்லை. "புருசனைப் பறிகுடுத்து இத்தா இருக்கிற ஊடு, ஆம்புள இல்லாத ஊடு. பின்வாசல்ல மீனைக் கொழுவிப்போட்டு, கூப்பிடாம வந்திருவாரு. ஆரு தந்த மீனெண்டு அவங்களுக்கே தெரியா."

அடடா, என்ன முடிவு! வாசகர்கள் அழுதுவிடுவார்கள் என்று என் நெஞ்சு துள்ளியது. றுகையா ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையும் எழுதப் போறியா புள்ள? அந்தப் பொம்புளைகள் பிறகு வெளிய முகம் காட்ட வேணாமா?"

சீ, நானும் ஒரு மனிசியா! தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

கடைசிப் பகுதியில், மீன் வியாபாரி தொலைந்துபோன தன் ஆட்டைத் தேடித்தான் பின்வாசல்களுக்குப் போனார் என்று எழுதினேன். பையில் இருந்தது ஆட்டுக்குத் தின்ன இலைகுழை. "இவ்வளவு பின்னிப் பின்னிக் கடைசியில ஆடா?" என்று ஊரே சிரித்தது. நன்றாகச் சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு ஜன்னலடியில் நின்றேன். அதே பொடியன்மார், "காக்கா, ஆடு கிடைச்சிட்டா?" என்று கேட்டார்கள்.

"இன்னும் தேடுறன் தம்பி" என்றபடி காலிதீன் காக்கா அவர்களைக் கடந்து போனார். ஒரு கையில் கறுப்புப் பை, மற்றக் கையில் ஆட்டுக் கயிறு.

அவர் வீட்டில் ஒருநாளும் ஆடு வளர்த்ததில்லை. மீனின் விலையில்கூடப் பொய் சொல்லாத மனிசன் அவர். நான் ஜன்னலைச் சாத்தினேன்.