தோப்பறைத் தண்ணீரும் மலையாண்டி மீசையும்

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தோப்பறை மாட்டித் தண்ணீர் பீய்ச்சுவதாக விவசாயி கருப்புக்கு நேர்த்திக்கடன். தோப்பறை என்றால் ஆட்டுத்தோல் பை. வாயில் பித்தளைக் குழல். பேரையூரில் அவன் அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோதுதான் மச்சான் மலையாண்டி பந்தயத்தை இழுத்துவிட்டான். கருப்பின் பெண்டாட்டி தங்கப்பொண்ணின் அண்ணன், மதுரை ஜவுளிக்கடையில் வேலை.

"மாப்ள, இருபதடி தள்ளி நிப்பேன். ஒரு சொட்டு பட்டாலும் என் மீசையை எடுத்துர்றேன். படலைன்னா ஒன் மீசை."

"குடை பிடிப்பியே!"

"பிடிக்காம?"

கருப்பின் மீசை பத்து வருஷத்து வெள்ளாமை. ரோஷத்தில் சரியென்றுவிட்டான்.

கொல்லையில் குடையை விரித்துக் கட்டிப் பழகினான். தண்ணீர் கயிறு மாதிரி போய்க் குடையில் முட்டி வழிந்தது. மூன்றாம் நாள், எரிச்சலில் குழல் வாயைக் கட்டைவிரலால் பாதி பொத்தினான். கயிறு சப்பையாகி மாவிலை அகலத்துக்கு விரிந்தது. விரிய விரிய மெலிந்து, நடுவே பொத்தல் விழுந்தது. கிழிந்த ஓரம் நூலானது. நூல் அறுந்து மணியானது. மணி பொடிப்பொடியாகிக் காற்றோடு குடையைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் தவிட்டோடு வந்த தங்கப்பொண்ணின் மூஞ்சியில் இறங்கியது.

"மாட்டக் குளிப்பாட்டுறீங்களா, என்னையவா?"

கருப்பு மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

அழகர் இறங்கும் அன்று வைகை மணலில் மலையாண்டி டெரிலின் சட்டையும் அரை டப்பா பவுடருமாக வந்து நின்றான். கருப்பு காற்றுக்கு முதுகு கொடுத்து, வேண்டுமென்றே இரண்டு தரம் நேராக அடித்தான். குடை தடுத்தது.

"அம்புட்டுத்தானா மாப்ள?"

மூன்றாவது தரம் விரலை வைத்தான். லேசாக ஒரு புகை கிளம்பியது, அதையும் காணோம்.

மலையாண்டி குடையை மடக்கினான். "சட்டையத் தொட்டுப் பாரு. ஈரம் இருக்கா?"

டெரிலின் காய்ந்துதான் கிடந்தது. கருப்பின் கை தானாக மீசைக்குப் போனது.

தங்கப்பொண்ணு மட்டும் அண்ணன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு சுருக்குப்பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். பவுடர் முழுக்கப் புள்ளி புள்ளியாக, தூறல் விழுந்த புழுதி மாதிரி.

"இதெல்லாம் ஒரு சொட்டா? ஊசிமுனை கூட இல்ல!"

"சொட்டுக்கு நாம அளவு பேசலையே, மச்சான்."

மொட்டை போடும் பந்தலுக்குப் போய்வந்த மலையாண்டியின் மேலுதட்டில் மட்டும் பவுடர் இல்லை. தங்கப்பொண்ணு டப்பாவை நீட்டினாள்.

"அந்த எடத்துக்கும் கொஞ்சம் பூசிக்கண்ணே."