ராஜவேலு வாங்கிய மூன்றாவது மவுஸ்

அகல்யா மேசைக்கடியில் தவழ்ந்து போய், சிபியூவின் முதுகைக் கையால் தடவி, பழைய கீபோர்டைச் சொருகும் உருண்டைத் துளையைத் தேடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் அப்பா ராஜவேலு ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். இப்போது மணி ஒன்றரை.

"இன்னாடி பண்ணிகினு கீற?" அத்தை பாஞ்சாலை வாசற்படியில் நின்றாள். "எங்கண்ணன அங்க போட்டுட்டு இங்க கம்ப்யூட்டர நோண்டிகினு கீறியே, நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"சொல்லட்டும் அத்த. அப்பாவ எடுக்கறதுக்குள்ள இத ஓட வெச்சிடணும்."

துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு அத்தை போய்விட்டாள்.

புத்தியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ராஜவேலு பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனதும் புதியது வாங்கினார். ஆனால் அவருடைய டிசைன் சாஃப்ட்வேர் பழசு, பழைய விண்டோஸில்தான் ஓடும். புது சாஃப்ட்வேருக்கு மாறிவிடுங்கள் என்று கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். மனிதர் கேட்டால்தானே? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். புது மெஷினில் பழைய விண்டோஸையே ஏற்றச் சொல்லி, வீட்டுக்குத் தூக்கிவந்து பார்த்தால், யுஎஸ்பி துளை ஒன்றுகூட வேலை செய்யவில்லை. மவுஸை என்ன தேய்த்தாலும் திரையில் அம்பு அசையவில்லை.

திங்கட்கிழமை அவர் போன் செய்தபோது அகல்யா செய்யாறில் ஷிப்டில் இருந்தாள். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதே அவள் வேலை. புது மெஷினின் யுஎஸ்பியைப் பழைய விண்டோஸுக்குத் தெரியாது, அதற்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் அதை அப்பாவுக்குப் புரியவைக்க அரை மணி நேரமாகும். "மவுஸ் போயிருக்கும்பா. வேற வாங்கிப் பாரு. ஞாயித்துக்கெழம நான் வரேன்" என்று வைத்துவிட்டாள்.

மகள் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அன்றே ஒன்று வாங்கினார். அதுவும் அசையவில்லை. புதன்கிழமை இன்னொன்று. நேற்று வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில் கடைக்கு நடந்துபோய் மூன்றாவதை வாங்கி வந்தார். சொருகிப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

மூன்றும் மேசைமேல் வரிசையாக இருந்தன. அப்பாவின் முகத்தைப் பார்த்தபோதுகூட வராத அழுகை, இவற்றைப் பார்த்ததும் பொத்துக்கொண்டு வந்தது. 'தோ, புதுசும் வேல செய்லம்மா' என்று அவர் இன்னும் ஒரே ஒரு தடவை போனில் சொன்னால் போதும், அரை மணி நேரமென்ன, அரை நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள்.

துளை விரலில் தட்டுப்பட்டது. பரணிலிருந்து இறக்கிய, உருண்டை முனை வைத்த பழைய கீபோர்டைச் சொருகினாள். அதற்கு யுஎஸ்பியின் தயவு தேவையில்லை. மெஷினோடு வந்த டிரைவர் சிடி, உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. மவுஸ் இல்லாமல், கீபோர்டையே தட்டித் தட்டி ஏற்றினாள். வெளியே மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். புகை உள்ளே வந்தது.

மெஷின் ஒருமுறை அணைந்து எழுந்தது. மூன்றாவது மவுஸின் வயிற்றில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்பு ஓடியது.

அப்பா டிசைன்களைச் சேர்த்து வைத்திருந்த பென் டிரைவைச் சொருகினாள். அதுவும் திறந்துகொண்டது. உள்ளே முந்நூறு டிசைன், ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் நம்பர்கள். கடைசியாக எதைப் போட்டுக்கொண்டிருந்தார்? அவரைத்தான் கேட்க வேண்டும். மவுஸ் ஓடுவதையும் சொல்ல வேண்டும். கை தன்பாட்டுக்குப் போனை எடுத்து, அப்பா என்றிருந்த பெயரை அழுத்தியது.

கூடத்தில் ஒப்பாரிக்கு நடுவே மணியடித்தது. ராஜவேலுவின் போன் அம்மா கற்பகத்தின் மடியில் இருந்தது. நேற்றிலிருந்து ஊர்ப்பட்ட பேருக்குச் சேதி சொல்லிச் சொல்லி அம்மாவின் குரல் கம்மிப்போயிருந்தது.

"அலோ, அகல்யாவா? சாப்டியா?" என்றாள் அம்மா. "இரு, அப்பாண்ட தரேன்."

போனை நீட்டியபடி அவள் ஐஸ் பெட்டியின் பக்கம் திரும்பியது, திறந்திருந்த கதவு வழியே அகல்யாவுக்குத் தெரிந்தது.