நாயாற்றுத் தண்ணீர்

மரியநேசன் அன்றைக்குக் கராஜுக்குப் போனதே மருமகன் பேச்சு வாங்குவதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான். இதை மூடி மறைத்து என்ன பயன்?

நாயாற்றுக் கரையில் படகு எஞ்சின் என்றால் மரியநேசன்தான். இருமுகிற எஞ்சினை ஒருதரம் காதுகொடுத்துக் கேட்டாரென்றால் நோய் எங்கே என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயர் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. மருமகன் சுமன் கிளிநொச்சிப் பக்கம். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்த குடும்பம். மகள் டக்சாயினி அவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டினாள். மரியநேசன் கலியாணத்துக்குத் தலையாட்டினாரே தவிர, அவனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'உந்தப் பெடியன்' என்பதோடு சரி.

சுமன் ஒரு பழைய காரை ஹயருக்கு ஓடித்தான் வீட்டைப் பார்த்தான். கொஞ்சக் காலமாக அந்தக் காருக்குக் காய்ச்சல். மேடு பள்ளம் இல்லாத ரோட்டிலேயே சூடு காட்டுகிற முள் உச்சிக்கு ஏறிவிடும். ஒரு கலியாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகையில் முள்ளிவாய்க்காலடியில் ஆவி தள்ளி நின்றுவிட்டது. பட்டுச்சேலைக்காரர் பஸ்ஸில் இடிபட்டுப் போனார்கள். அதோடு ஹயருக்குக் கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். இப்படியே போனால் காரைக் கழற்றி விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

மீன் ஏலம் கூறுகிற வாடியில் அஜந்தன் என்ற பெடியன் இதைப்பற்றி விசாரித்தபோது, மரியநேசன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். "தேயிலை கிள்ளின கைக்கு எஞ்சின் விளங்குமே? தண்ணி பாக்கத் தெரியாதவன்ர கையிலை என்ர பிள்ளையைக் குடுத்திட்டன்."

நாலு பேர் சிரித்தார்கள். ஹயர் இல்லாத நாளென்று கூலிக்கு ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த சுமன் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை வைத்துவிட்டுப் போனான்.

முல்லைத்தீவுக் கராஜில் மெக்கானிக் கனகலிங்கம் காரை ஸ்டார்ட்டில் விட்டு, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தார். சுற்றியது. பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார்.

"வோட்டர் பம்ப்தான். இல்லாட்டி உந்தப் பெடியன் தண்ணி விடாமல் ஓடியிருக்கும்," என்று, பக்கத்தில் நின்ற சுமனுக்கும் கேட்க, மரியநேசன் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கனகலிங்கம் றேடியேற்றரில் உள்ளங்கையை மெல்ல வைத்து வைத்து எடுத்தார். "மேலே கொதிக்குது. கீழே குளிர். தண்ணி இறங்கேல்லை அண்ணை. உள்ளுக்கை அடைச்சுப்போச்சு."

எஞ்சின் ஆறும்வரை இருந்து, றேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து ஹோஸால் தண்ணீர் அடித்தார்கள். முதலில் துருத்தண்ணீர் வந்தது. பிறகு கறுத்தச் சேறு. பிறகு ஓட்டோடு, அவிந்து வெளிறிப்போன ஒரு கூனி இறால் வந்து சீமெந்துத் தரையில் விழுந்தது.

கராஜே சிரித்தது. கனகலிங்கம் ஹோஸ் பூட்டுகிற இடத்தில் அலுமினியத்தை அரித்துப் பூத்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "உப்பு. ஆரோ கடல் வந்து கலக்கிற களப்புத் தண்ணியை ஊத்தியிருக்கு."

காருக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தின ஒரு நாள் மரியநேசனுக்கு அப்படியே நினைவில் வந்து நின்றது. சுமன் காய்ச்சலில் படுத்திருக்க, இவர்தான் காரை எடுத்துக்கொண்டு கொக்கிளாய்ப் பக்கம் போனார். நாயாற்றுப் பாலத்தடியில் முள் ஏறியது. ஆறவிட்டு மூடியைத் திறந்தால் தண்ணீர் குறைவு. கண்முன்னே அவ்வளவு தண்ணீர் கிடக்கிறது. வாளியால் அள்ளி ஊற்றினார். படகு எஞ்சின் ஆயுள் முழுக்கக் கடல் தண்ணீரைத்தானே குடித்துக் குளிர்கிறது, காருக்கு மட்டும் என்ன? முள் இறங்கியது. தன் கெட்டித்தனத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதோடு மறந்தும் போனார்.

"ஆர் ஊத்தினது?" என்று கனகலிங்கம் கேட்டார்.

"நான்தான் அண்ணை," என்றான் சுமன். "அவசரத்துக்கு ஊத்திப்போட்டன்."

"வயல்காட்டு ஆள்தானே, உப்பு விளங்காது," என்றார் கனகலிங்கம். மறுபடியும் சிரிப்பு.

பேசாமல் நின்றால் தப்பிவிடலாம் என்று மரியநேசன் ஒரு கணம் நினைத்தார். நினைத்ததே இன்னும் வெட்கமாக இருந்தது. "இல்லை. நான்தான் ஊத்தினனான்," என்றார்.

கனகலிங்கம் அவர் தோளில் தட்டினார். "எஞ்சினிலை ஊறின ஆள் நீங்கள், இந்த வேலை செய்வியளே? மருமோனைக் காப்பாத்த நிக்கிறியள். இப்படி ஒரு மாமன் கிடைக்கக் குடுத்து வைக்க வேணும்."

மரியநேசன் திரும்பவும் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவருடைய மதிப்புத்தான் கூடியது. தான் மூட்டை மூட்டையாகச் சேர்த்துவைத்த பெருமை தன்னையே பேசவிடாமல் அமுக்கியது. இப்படி ஒரு கேவலத்தை அவர் பட்டதில்லை.

அடைப்பெடுத்து, அரித்த துண்டை மாற்றி, கூலன்ற் ஊற்றிப் பின்னேரம் புறப்பட்டார்கள். முள் நடுவிலேயே நின்றது. மரியநேசன் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீர் ஏன் அப்படிச் சொன்னனீர்?"

"எனக்கு அடுத்த நாளே தெரியும் மாமா. மூடியைத் திறக்கச் சேத்து மணம். தொட்டுப் பாத்தன், உப்பு. நானே ரெண்டுதரம் கழுவி ஊத்தினனான். சரிவரும் எண்டு நினைச்சன். எஞ்சினிலை உங்கட பேரைக் கெடுக்க மனம் வரேல்லை."

அப்படியென்றால் வாடியில் ஐஸ் பெட்டி இறக்கும்போதும் அவனுக்குத் தெரியும். மரியநேசன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாடியடியில் அஜந்தன் படகு எஞ்சின் ஒன்றை மணலில் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ."

"எஞ்சின் கிடக்கட்டும். முதல் இதைக் கேள்," என்று மரியநேசன் குரலை உயர்த்தினார். பாலத்தடி, வாளி, இறால் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கடற்கரை ஆட்களுக்கு அது உடனே விளங்கியது. இந்தமுறை நாலு பேர் இல்லை, வாடியே விழுந்து விழுந்து சிரித்தது. அஜந்தன் சிரித்து முடித்து, "அப்ப நாளைக்கு வாறன் அண்ணை," என்று எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனான். நாளைக்கு அவன் வேறு ஆளிடம்தான் போவான்.

மரியநேசன் காருக்குத் திரும்பி வந்தார். மனம் கொஞ்சம் இலேசாகியிருந்தது. "சொல்லிப்போட்டன், சுமன்," என்றார்.

பெயரைக் கேட்டுச் சுமன் நிமிர்ந்தான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

"தண்ணிக்கதை எனக்குப் பெரிசில்லை மாமா. தேயிலை கிள்ளினது என்ர அம்மா."

கலியாணத்தன்று பந்தியில் அந்த அம்மாதான், ஞானேஸ்வரி, மரியநேசனுக்குக் குனிந்து குனிந்து பரிமாறியவர். போதும் என்று சொல்லச் சொல்ல, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ என்று வைத்த கை அது. மரியநேசன் வாடியைத் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். "கொஞ்சம் நில்லுங்கோ எல்லாரும்," என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் திரும்ப மணலில் இறங்கினார்.