பவுடர் பூசிய நெஞ்சு

ஈசிஜி எடுப்பதுதான் என் வேலை. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சு பார்க்கிறேன். பெற்ற அப்பன் நெஞ்சை மட்டும் பார்க்காமல் துரத்தினேன். துப்புகிறவர்கள் துப்பலாம்.

போன மாதம் நைனா வேலையிலிருந்து நேராக வந்து நின்றார். மாமல்லபுரம் பக்கம் கடலோரச் சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டும் கூலி அவர். அழுக்கு லுங்கி, தலையெல்லாம் மரத்தூள், வேர்வை நாற்றம். "நெஞ்சு புடிச்சிகினே கீதும்மா" என்றார். ரிசப்ஷன் துர்காதேவி என்னிடம், "யாருங்க பிரிசில்லா அது?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் இரண்டு வருஷமாக டவுன்காரி. பிரிசில்லா என்ற பெயரை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஊர்ப் பெயரைக் கேட்டு, அதில் எந்தப் பக்கம் என்றும் கேட்டால்தான் காலனி வெளியே வரும். அவள் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு எடுத்து வைப்பாள், என் பாக்ஸிலிருந்து அவளும் எடுப்பாள். அது நின்றுவிடுமோ என்று பயம்.

"தெரிஞ்சவர்" என்றேன். நைனாவை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போய்ப் பொரிந்தேன். "இன்னா கோலம் இது? ஏன் மானத்த வாங்குற? வந்தா குளிச்சிட்டு, நல்ல சட்ட போட்டுகினு வா." கையில் ஒரு கேஸ் மாத்திரையைத் திணித்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஈசிஜி மிஷின் பத்தடி தூரத்தில் சும்மாதான் இருந்தது.

நேற்று காலை பத்து மணிக்கு, பஸ் ஸ்டாண்டில் சரிந்து விழுந்தவர் என்று ஓர் ஆட்டோக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, மழமழவென்று ஷேவ் செய்த கன்னம். என்னைப் பார்த்ததும் படுத்தபடியே கைகூப்பி, "வணக்கம் மேடம்" என்றார். நைனா!

சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். நெஞ்சு முழுக்கப் பவுடர். ஈசிஜி மிஷினின் ரப்பர் குமிழ்களை வைக்க வைக்கக் கழன்று விழுந்தன. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். எனக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னார்: "காலைல ஆறு மணிக்கே புடிச்சிக்கிச்சி. ஒங்கம்மா ஒடனே போன்னு கத்துச்சி. நான்தான் குளிச்சி, ஷேவ் பண்ணி, சட்டய தேச்சிகினு பஸ் ஏறுனேன். இப்ப நல்லா கீறனா?"

தாளில் கோடு மேலேறி நின்றது. பெரிய அட்டாக். டாக்டர் வெங்கடேசன் குனிந்து, "வலி எப்ப ஆரம்பிச்சது பெரியவரே?" என்று கேட்டார்.

"இப்பதான் சார். பஸ்ல."

ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்வி வராமல், என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய். அந்த நேரத்தை வைத்துத்தான் என்ன சிகிச்சை என்று முடிவு செய்வார்கள். டாக்டர் எழுதப் போனார். துர்காதேவி அட்மிஷன் ஃபாரத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"ஆறு மணிக்கே சார்" என்றேன். "நாலு மணி நேரம் ஆச்சு. எங்க நைனா சார் இது. குளிச்சிட்டு வான்னு நான்தான் தொரத்துனேன்."

நைனா பதறி எழப் பார்த்தார். "இல்ல சார்! மேடம் யாரோ, நான் யாரோ!"

இன்று ஐசியூவில் கண் விழித்தார். பக்கத்தில் நான். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் என் கையைப் பிடித்தார்.