வெள்ளையடித்த சுவர்

மீனம்மா வீட்டுப் பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் மண்மேடு. மழை பிடித்தால் ஈரம் இந்தப் பக்கம் கசியும். அந்தச் சுவரோரம்தான் அவள் புருஷன் சோலைமலை கிடந்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவன், ஒரு வருஷமாகப் படுத்த படுக்கை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அறை பத்தடி, மறுபக்கம் அடுப்பு. அவனை எங்கே நகர்த்துவது?

சுவரைக் கட்டித் தரச் சொல்லித் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவிடம் நாலைந்து தடவை போய் நின்றாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே அந்த மனிதர் இரண்டு மழையைக் கடத்திவிட்டார்.

1955 சித்திரையில், தலவாக்கலையிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் லயம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. குடியிருக்க லாயக்கில்லை என்று அவர் எழுதும் அறையைத் தோட்டம் திருத்தியே ஆக வேண்டும். மீனம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆபீசிலிருந்து வீட்டுக்கொரு வாளி சுண்ணாம்பும் வந்தது. நம் சனங்களுக்கு இது போதாதா? பெரிய மனிதர் வாசலுக்கு வருகிறார் என்றால் வீட்டைக் கழுவி மெழுகிக் கோலம் போடாமல் சோறு இறங்காது. மீனம்மா செம்மண்ணும் சாணியும் பிசைந்து வெடிப்பை அடைத்தாள். மேலே இரண்டு பூச்சு வெள்ளையடித்தாள். சுவர் நிலையைத்தான் வாயால் சொல்லப் போகிறோமே என்று நினைத்தாள். பாவி மகள், அங்கேதான் மோசம் போனாள்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. மேட்டைக் காட்டி, புருஷனைக் காட்டி, உள்ளே வெடிப்பு இருப்பதை மீனம்மா மூச்சுவிடாமல் சொன்னாள். கூட வந்த கண்டாக்கு அதைச் சிங்களத்தில் நாலே வார்த்தையில் முடித்தார். இன்ஸ்பெக்டர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், சிரித்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பக்கத்து வீட்டு வீரம்மா சுண்ணாம்பு வாளியைத் தொடக்கூட இல்லை. கரியேறிய அவள் சுவரில் இருந்த சின்னக் கீறல் அவர் கண்ணில் பட்டது. மறு மாதமே கொத்தனார் வந்து அவள் சுவரைக் கட்டினார். மீனம்மா அவரிடமும் கெஞ்சினாள். தனக்கு உத்தரவு ஒரு வீட்டுக்குத்தான் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

ஆனி மாதம் ஒரு பகல், அவள் மழையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது மேடு சரிந்து சுவர் உள்ளே விழுந்தது. ஓடி வந்து வெறுங்கையால் மண்ணை வாரினாள். சோலைமலையை வெளியே எடுத்தபோது உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

விசாரணைக்கு அதே இன்ஸ்பெக்டர் வந்தார். இடிபாட்டில் கிடந்த சாணிமண் கட்டியைக் காலால் புரட்டி, இது யார் வேலை என்று கேட்டார். மீனம்மா மறைக்கவில்லை.

“நான்தாங்க அடைச்சேன். ஐயா வர்றீங்களேன்னு, வீடு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு அடைச்சேன்.”

இந்தத் தடவை கண்டாக்கு ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் அவள் வாக்குமூலமாக எழுதி முடித்து, அவள் பெருவிரலைப் பிடித்து மை தடவினார்.